முதலாளி வந்தால் எழ வேண்டும்

அவிநாசியில் முட்டிவலி தாங்காமல் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். என் முட்டி 'கடக்'கென்றது. எங்கள் ஊரான மண்ணரையில் சிறுவயதில் விடியுமுன் என்னை எழுப்பிய, அம்மாவின் முட்டிச் சத்தம் அது. மூட்டுவலிக்கு அம்மா சுவரைப் பிடித்தபடி யோகாசனம் செய்வாள். அறையெல்லாம் வேப்பெண்ணெய் வாசம். அம்மா வேலை செய்த பனியன் கம்பெனியில் தரையில் உட்கார்ந்து பனியன் மடிப்பவர்கள், முதலாளி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அம்மா எழுவாளா என்பதே எங்கள் பயம்.

"வலி கொறைஞ்சுதாம்மா?"

"கொறைஞ்சிருக்குது கண்ணு. ஆனா அங்க புடிக்கச் செவுரு இல்லியே."

ஒருநாள் முதலாளி வந்தபோது அம்மா பாதி எழுந்து சரிந்து உட்கார்ந்துவிட்டாளாம்.

"ஏனுங்க அம்மணி, பல்லக்கு அனுப்பட்டுங்களா? இனி ஊட்டுலயே இருந்துக்கங்க" என்றாராம்.

மறுநாள் காலை அம்மாவின் இடத்தில் நான் மடிக்க உட்கார்ந்தேன். யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன்.