தேசிங்கின் பாட்டும் என் பந்தியும்

சுண்ணாம்புக்குளத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பிரியாணி அண்டாவை மூடி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் போன் வந்தது. தேசிங்கின் மனைவி அமுதா. "அக்கா, அவரு போயிட்டாரு" என்றாள். எங்கே போனான் என்று கேட்டேன். ஸ்பீக்கர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்யாணம் காட்சி என்று ஊர் ஊராகச் சுற்றுகிறவன், எங்காவது போயிருப்பான் என்றுதான் நினைத்தேன். அவள் அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றானாம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

தம் போட்ட அண்டாவைப் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாது. விழாவுக்கு வந்த ஜனம் என்ன பாவம் செய்தது? பந்தி முடியும்வரை நின்று பரிமாறிவிட்டுத்தான் தோணிரேவுக்கு, அவன் வீட்டுக்குப் போனேன். பார்த்தவர்கள் கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருக்கலாம். தேசிங்கு நினைத்திருக்க மாட்டான். "பந்திய முடிச்சிட்டு வா மாஸ்டர், நான் எங்க ஓடிடப் போறேன்" என்றுதான் சொல்லியிருப்பான்.

நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்கள், "அவர்" என்று மரியாதையாக எழுதுங்கள் என்றார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் இத்தனை வருடம் "டேய்" என்று கூப்பிட்டவனைத் திடீரென்று "அவர்" என்று எழுதினால், அவனே சிரித்துவிடுவான். திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்து கரண்டி பிடிக்க வந்தவள் நான். அவன் தோணிரேவுக்காரன், மீன்பிடிக்கிற குடும்பம். ஏறக்குறைய ஒரே வயது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்த விசேஷம் என்றாலும் சமையல் நான், சவுண்டு அவன். நாங்கள் சண்டை போடாத கல்யாணத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவனுக்கு டீப் ஹவுஸ் என்கிற வெளிநாட்டுப் பாட்டுப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று பலபேர் கேட்பீர்கள். மகாபலிபுரம் போகிற சாலையில் ஒரு ஓட்டலில் கொஞ்ச நாள் ஸ்பீக்கர் தூக்கும் வேலை பார்த்தான். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் போடும் பாட்டைக் கேட்டுக் கேட்டு, ஊருக்குத் திரும்பும்போது அதையும் கையோடு கொண்டுவந்துவிட்டான். நிதானமாக, ஒரே சீராக அடித்துக்கொண்டே போகும் தாளம். அதன் அடியில், பாஸ் என்று வயிற்றைத் தொடுகிற கனத்த ஒலி. வார்த்தை அதிகம் இருக்காது. அவசரமும் இருக்காது. எனக்கு முதலில் மாவு மில் ஞாபகம்தான் வந்தது, அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். இரண்டு நாள் பேசவில்லை.

புதுப்பாட்டெல்லாம் வெள்ளிக்கிழமை வெளியாகும். வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சாம்பார், அவனுக்கு ரிலீஸ். சிக்னல் கிடைக்கிற ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து, ஒரு பாட்டையும் அதற்கு யார் யாரோ செய்த ரீமிக்ஸையும் வரிசையாக இறக்குவான். ஒரே பாட்டை எதற்கடா நாலு தடவை கேட்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "ஒரே மீனுதான் மாஸ்டர். நீ கொழம்பு வைக்கிற, உன் தங்கச்சி வறுக்கிறா, இன்னொருத்தி புட்டு செய்றா. வேண்டாம்னு சொல்வியா? அதான் ரீமிக்ஸு" என்றான். சிலவற்றில் குரலையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் தாளத்தை மட்டும் விட்டிருப்பார்கள், அதற்கு டப் என்று பெயராம். அதுதான் அவனுக்கு உயிர். "அது மறுநாள் மீன் கொழம்பு. மீனெல்லாம் தீந்து போயிருக்கும், ருசி மட்டும் நிக்கும்" என்று அவன் சொன்னபோது, இவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

பிறகு சொந்தமாகவே பாட்டு செய்ய ஆரம்பித்தான். முதல் பாட்டை இணையத்தில் வெளியிட்ட கையோடு, பழவேற்காட்டில் ஒரு கல்யாணத்தில் போட்டான். அதுவரை குத்துப்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த கூட்டம் இதைக் கேட்டதும் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அப்புறம், ஆட்டம் முடிந்துவிட்டதாக்கும் என்று வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மொத்தமாகச் சாப்பிடக் கிளம்பிவிட்டது. மேடைக்கு முன்னால் இரண்டு நாய்கள் மட்டும் நின்றன. எனக்கோ வாழ்நாளில் அப்படி ஒரு பந்தி அமைந்ததில்லை. கூப்பிட வேண்டாம், கெஞ்ச வேண்டாம், இலை போடப் போட நிரம்புகிறது. நன்றி சொல்லப் போனேன். "போயிடு மாஸ்டர், நான் பேஜார்ல கீறேன்" என்றான்.

அதோடு விட்டதா? அடுத்த கல்யாணத்திலும் அப்படியே. அதற்கடுத்த விசேஷத்தில், சம்பந்தி வீட்டாருக்குப் பசி வந்ததும், பெண்ணின் மாமா மைக்கிலேயே அறிவித்தார்: "தேசிங்கு, அந்தச் சாப்பாட்டுப் பாட்ட போடுப்பா." அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. புதுசாக எதை வெளியிட்டாலும் ஜனம் கேட்டவுடன் கைகழுவப் போனது. போகப்போக, இது சாம்பார் பாட்டு, இது பிரியாணி பாட்டு என்று தரம் வேறு பிரித்தார்கள். நான் பரிமாறும்போது கவனித்திருக்கிறேன், ஜனம் அவன் தாளத்துக்குச் சரியாகத்தான் மென்றது. ஆறுதலாக இருக்கட்டும் என்று அவனிடம் சொன்னேன். "மெல்றதுக்கா மாஸ்டர் நான் கண்ணு முழிச்சு தாளம் போட்டேன்?" என்று கத்தினான்.

ஆனால் வெளியூரில் அவன் ராஜா. முகம் தெரியாத யாரோ அவன் பாட்டுக்கு ரீமிக்ஸ் செய்வார்கள், இவன் அவர்கள் பாட்டுக்குச் செய்வான். ஒருநாள் ஓடிவந்து போனைக் காட்டினான். ஏதோ குளிர்நாடு. கோட்டும் குல்லாயுமாக ஒரு கூட்டம் இவன் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறது. "இன்னா சொல்ற இப்போ?" என்றான். நான் நன்றாகப் பார்த்துவிட்டு, "பாவம், அங்க சாப்பாடு ஏற்பாடு பண்ணலியா?" என்று கேட்டேன். கோபம் வரும் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்து ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னான்: "எங்கியோ ஆடறான் மாஸ்டர், சந்தோசம்தான். ஆனா ஒரே ஒருவாட்டி, என் ஊரு ஜனம் என் பாட்டுக்கு நிக்கணும். ஆடக்கூட வேணாம். சோத்துக்குப் போகாம நின்னா போதும்."

அவன் ஆசை அவ்வளவுதான். அதற்காக அவன் செய்யாத தந்திரம் இல்லை. பிரியாணி இன்னும் வேகவில்லை என்று பொய் சொல்லச் சொல்லி என்னிடம் கெஞ்சினான். மூக்கு இல்லாத ஊரா இது? சொல்லியும் பார்த்தேன். அவன் பாட்டைப் போட்டதும் ஜனம் போய், வெறும் மேசை முன்னால் வரிசையாக உட்கார்ந்துகொண்டது.

வழி பிறந்தது செல்வியால். செல்வியை உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இறால் கொடுப்பவள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி. பிடித்ததைப் போட ஓலைப்பறி வேண்டும், இரண்டு கையும் சேற்றில் இருக்கும், அதனால் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். பேச முடியாது. "இங்கே இருக்கிறது", "அங்கே பள்ளம்", "இவளுக்கு மாமியாரோடு சண்டை" எல்லாமே "ம்ம், ம்ஹூம்" என்ற முனகல்தான். தேசிங்கு ஒலிப்பதிவுக் கருவியோடு தோணியில் போய் நின்றான். "நாங்க பாடறதில்லியேடா, வாயில பறி இருக்கும்" என்றாளாம் செல்வி. "அதான்க்கா வேணும்" என்றானாம்.

தோணிரேவிலேயே ஒரு கல்யாணம், பகல் விருந்து. அவன் புதுப்பாட்டைப் போட்டான். வழக்கம்போல ஜனம் எழுந்து வந்து இலையில் உட்கார்ந்தது, நானும் வழக்கம்போலப் பரிமாறத் தொடங்கினேன். தாளம் நிதானமாக ஏறியது, பாஸ் வந்து சேர்ந்தது. அதற்குமேல் மெதுவாக ஒரு "ம்ம்ம்... ம்ஹூம்..." கேட்டது. பந்தியில் ஒருத்தி பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினாள். "ஏய், இது நம்ம செல்வி இல்ல?" அடுத்தவள், "ரெண்டாவதா வர்றது நானு!" என்று எழுந்தேவிட்டாள். "நீ எங்க, அது நானு!" என்று மூன்றாமவள் மல்லுக்கு வந்தாள். எச்சில் கையோடு பெண்களெல்லாம் ஸ்பீக்கர் பக்கம் போனார்கள், பின்னாலேயே ஆண்களும் போனார்கள். பாட்டு முடிந்ததும், "இன்னொருவாட்டி போடு!" என்று ஒரே கூச்சல். போட்டான். மறுபடி போட்டான். செல்வி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை.

என் பிரியாணி ஆறிப்போனது. கரண்டியோடு அவனிடம் சண்டைக்குப் போனேன். "ஒரு அண்டா பிரியாணிடா! ஜில்லுனு கீது!" சவுண்டு மிக்ஸருக்குப் பின்னால் கன்னமெல்லாம் கண்ணீராக நின்றிருந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஆறட்டும் மாஸ்டர். இத்தினி வருசமா என் பாட்டு ஆறிச்சே" என்றான். கரண்டியை இறக்கிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், என் சமையல் தோற்றதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒருநாள்தான்.

அப்புறம் ஊரே ரீமிக்ஸ் கேட்டு அவன் வாசலில் நின்றது. படகு என்ஜின் வைத்திருப்பவர் என்ஜின் சத்தத்தைச் சேர்க்கச் சொன்னார், மீன் ஏலம் விடுகிறவர் தன் தொண்டையைச் சேர்க்கச் சொன்னார். யாரையும் அவன் திருப்பி அனுப்பவில்லை. ஒரே ஒரு வம்புதான் வந்தது. எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் அந்தப் பாட்டுக்கு ரீமிக்ஸ் செய்தபோது செல்வியின் முனகலைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டான். "என் கொரல அறுக்க அவன் யாரு?" என்று செல்வி தேசிங்குக்கு இறால் தருவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கென்று தனியாக ஒன்று, முழுக்க முழுக்க அவள் குரலோடு, செய்து கொடுத்த பிறகுதான் அவன் வீட்டில் மறுபடி இறால் தொக்கு மணத்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல் நான்தான். சாம்பார், ரசம், வடை, பாயசம். துக்க வீட்டுப் பந்தியைப்போலக் கஷ்டமானது வேறில்லை. பசி எல்லோருக்கும் இருக்கும், முதல் ஆளாகப் போய் உட்கார யாருக்கும் மனம் வராது. அதைவிட எனக்குக் கவலை அமுதாதான். அவன் போனதிலிருந்து டீத்தண்ணீரில்தான் உயிரைப் பிடித்துவைத்திருந்தாள். ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் வாங்கிவிட்டு ஒதுக்கிவிடுவாள். இப்படியே போனால் இவளும் படுத்துவிடுவாள்.

இலை போட்டாகிவிட்டது, யாரும் அசையவில்லை. அப்போது அமுதா உள்ளே போய் அவனுடைய லேப்டாப்பை எடுத்து வந்தாள். "அக்கா, இது ஒண்ணு முடிச்சு வச்சிருக்காரு. வெள்ளிக்கிழம வுடணும்னு சொல்லிகினு இருந்தாரு. நான்கூட கேக்கல. எல்லாரும் இருக்கும்போது கேட்டுடலாமா?" பெரியவர் ஒருவர், "துக்க வூட்ல இன்னா பாட்டு?" என்று முகம் சுளித்தார். "செத்தவன் வூட்ல அவன் பாட்டு கேக்காம, உன் பாட்டா கேக்கும்?" என்று செல்வி அவரை அடக்கினாள்.

பாட்டு தொடங்கியது. யாருடைய குரலும் இல்லை, என்ஜினும் இல்லை. அவனுடைய பழைய நிதானமான தாளம் மட்டும். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். பாஸ் வந்து சேர்ந்ததோ இல்லையோ, ஓரத்தில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் இன்னொருவர். பெண்கள் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். முகம் சுளித்த பெரியவரும், கண்ணைத் துடைத்தபடி செல்வியும்கூட எழுந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மொத்த ஜனமும் கைகழுவப் போய்க்கொண்டிருந்தது.

அமுதா பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று சிரித்தாள். வாயைப் பொத்தியும் அடங்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பாருங்கக்கா! புதுப்பாட்டுன்னதும் கெளம்பிட்டாங்க பாருங்க! மனுசன் இருந்திருந்தா இன்னா குதி குதிச்சிருப்பாரு!" சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பாகியது. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளும் எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு, செல்விக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.

அந்தப் பாட்டை அமுதாவே அடுத்த வெள்ளிக்கிழமை வெளியிட்டாள். அதற்குள் யாரோ ரீமிக்ஸ்கூடச் செய்துவிட்டார்களாம், எங்கோ ஆடுகிறார்களாம். ஆடட்டும். அவனுடைய ஸ்பீக்கர்களும் லேப்டாப்பும் அமுதாவிடம் இருக்கின்றன, இருக்க வேண்டிய இடமும் அதுதான். அவனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. காரியத்தன்று அவன் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, இலையைச் சுத்தமாக வழித்துவிட்டு அமுதா என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்டாள்.