கப்பியில் உறைந்த பால்

கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்தப் பித்தளைக் கப்பி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் பள்ளத்தில் கித்தாப் பால், அதாவது ரப்பர் மரத்துப் பால், கறுத்து இறுகிப்போயிருக்கிறது. சுரண்டி எடுக்கலாமென்று கத்தியோடு உட்கார்ந்ததுண்டு, மனம் வரவில்லை. என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிட்டவர், ஈப்போ நகரில் ஒரு பழைய இரும்புக் கடையில் பொறுக்கி வந்தது அது. வாரம் முழுக்க அவருக்கு லாரிப் பட்டறையில் வேலை. ஞாயிறு வந்தால் பட்டம். எழுபதுகளில், இலை உதிர்ந்து பால்வெட்டுக் குறையும் மாதங்களில், ரப்பர் தோட்டத்துப் பள்ளித் திடலில் எல்லாரும் காகித வாவ் பட்டம் விடுவோம். இந்த மனிதரோ ஆளையே இழுக்கும் துணிப் பட்டம் தைத்து வைத்திருந்தார்.

பட்டத்தின் நெஞ்சில் கட்டும் சூத்திரக் கயிறுகளில்தான் அவருடைய பித்தெல்லாம். அவிழ்ப்பார், கட்டுவார், விரற்கடை குறைப்பார், மறுபடியும் அவிழ்ப்பார். கீழ்க்கயிற்றைக் கப்பி வழியாக ஓடவிட்டது அவருடைய சொந்த யோசனை. காற்று முரண்டு பிடித்தால் கயிறு கப்பியில் ஓடும். பட்டம் சற்றே படுத்து இழுப்பைத் தளர்த்தும். "நூலு ஓடணும் மச்சான். ஓடலன்னா அது நம்மள இழுத்துட்டுப் போயிரும்லா" என்பார். "பொண்டாட்டி மூஞ்சிய இப்படி ஒரு நாளு பாத்திருப்பாரா, கேளு" என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். வாய் ஓயாதவள் அவள்.

ஒரு சனிக்கிழமை அவர் பழைய கயிறுகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் பருத்தி நூல் மாற்றினார். அது அறுந்துவிடுமோ என்று அக்காவுக்குப் பயம். எங்கள் தோட்டத்தில் கித்தாப் பால் படாத பொருளே கிடையாது. கிழிந்த செருப்பு, ஒழுகும் வாளி, கூடைப்பிடி, எதுவானாலும் பாலைத் தடவிக் காயவைப்போம். மறுநாள் காலையில், இரவில் பால் தடவப்பட்ட நூல் காய்ந்து வழவழப்பாகத்தான் இருந்தது. உச்சி வெயில் ஏறியதும் பால் இளகிக் கப்பியைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கென்று பேய்க்காற்று. பட்டம் படுக்கவேயில்லை. கையில் சுற்றியிருந்த கயிறு அத்தானின் வலது கை விரல்கள் இரண்டைக் கொண்டுபோய்விட்டது.

பட்டத்தை இறக்கியபோது கப்பியை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்த வீட்டில் பால்வெட்டுக்குப் போய்ப் பால் கொண்டுவருகிறவள் அக்கா ஒருத்திதான். கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டு அவர் முதலில் சொன்னது இதுதான்: "அக்காகிட்ட சொல்லிராத மச்சான். காத்துன்னு சொல்லு." நான் கப்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பட்டறை வேலை போயிற்று. அத்தானுக்கு ஜாகா வேலை கிடைத்து இருவரும் தஞ்சோங் மாலிம் பக்கம் போனார்கள். ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காவல் வேலை. பட்டத்தைத் தொடவேயில்லை. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார். அக்கா பரிமாறிவிட்டு நகர்ந்துவிடுவாள். கிண்டலும் இல்லை, சண்டையும் இல்லை. வருமானம் போன வருத்தம் என்று அத்தான் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அத்தான் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள். "ஒங்கிட்ட ஒரு கப்பி இருக்குல்ல. கொண்டா." அவளுக்கு அது தெரியும் என்றே நான் நினைத்திருக்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"நான் தடவுன பாலு எனக்குத் தெரியாதாடா? அன்னிக்கே தெரியும், பட்டத்துல கப்பியக் காணலன்னப்பவே. மனுசன் வாயத் தொறந்து ஒரு வாட்டி திட்டியிருந்தா, கால்ல விழுந்து அழுது தீத்துருப்பேன். திட்டுவாரு திட்டுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாவி, காத்து காத்துன்னே சொல்லிட்டுப் போயிட்டாரு."

கப்பியை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். இன்று அக்காவும் இல்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அதை விரலால் சுழற்றிப் பார்க்கிறேன். அசைய மாட்டேனென்கிறது.