கரையாத தூள்

முனைவர் பட்ட ஆய்வுக்காக இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பொருளை எடுத்துக்கொண்டிருந்தேன். காயத்தில் ரத்தம் கசிவதை நிறுத்த உதவும் மெல்லிய படலத்தை அதிலிருந்து செய்ய முடியும். சிம்மக்கல்லில் மீன் விற்கும் அக்கா உரித்த ஓடுகளை எனக்காக எடுத்துவைப்பார். ஒருநாள் ஓடுகள் இருந்த வாளியின் நாற்றம் தாங்காமல் பஸ் கண்டக்டர் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். திருநகர்ப் பக்கம் இருந்த ஆய்வகம்வரை நடந்தேன்.

ஓட்டிலிருந்த சுண்ணாம்பை அமிலத்திலும் புரதத்தைக் காரத்திலும் நீக்கினேன். பிறகு, மிஞ்சியதைக் கைட்டோசானாக மாற்ற, அடர்த்தியான காரத்தில் கொதிக்கவைத்தேன். கிடைத்த தூள் கைட்டோசானாக இருந்தால் வினிகரில் கரைய வேண்டும். மூன்று முறை செய்தும் அது அடியிலேயே தங்கியது.

மறுபடி போய் நின்றதும் அக்கா கேட்டார்: "இன்னும் எம்புட்டு ஓடு வேணும் தாயி?"

"கரையிற வரைக்கும் வேணும்க்கா" என்றேன். கண்டக்டர் இறக்கிவிட்டதையும் சொன்னேன்.

"அப்ப நல்லா அலசி ஐஸ்ல வச்சுத் தாரேன். பஸ்ல யாரும் ஏச மாட்டாக."

நான்காவது முறை காரத்தில் கூடுதல் நேரம் கொதிக்கவிட்டேன். தூள் கரைந்து கஞ்சிபோலக் குழைந்தது. தட்டில் ஊற்றிக் காயவைத்து, இரண்டு நாள் கழித்து உரித்தேன். வெங்காயத் தோல்போல ஒளி ஊடுருவும் படலம் முழுசாக வந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணு வந்தா போதாதும்மா. ஒவ்வொரு தடவையும் இப்படியே வரணும்."

"வரும் சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஓடுகளைக் கழுவப் போனேன்.