வாத்துத்திட்டின் தலைமாடு

"ஏழு இருபத்துநாலு," என்று சாய்பிங் ஆற்றைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறாள். ஆறு மறுத்துப் பேசவில்லை. ஆனாலும் அவள் இன்னொரு முறை குனிந்து பார்க்கிறாள். படித்துறையின் கடைசிப் படியில் குந்தியிருக்கிறாள். இடது கன்னத்தில் சூரியகாந்தி விதைகள் புடைத்திருக்கின்றன. அலை, அளவுப் பலகையின் சிவப்புக் கோட்டை நக்கிவிட்டு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் பார்த்து, நடுவில் நிற்கும் எண்ணைப் பிடித்து, ஏழு மீட்டர் இருபத்துநாலு சென்டி என்று நோட்டில் போடுகிறாள். பிறகு ஒரு விதைத் தோலைத் துப்பி, அது படகுக் கம்பத்தைத் தாண்ட எத்தனை மூச்சு ஆகிறது என்று பார்க்கிறாள். அது அலுவலகத்துக்கு வேண்டாத கணக்கு. அவளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் சொந்த விஷயம்.

நியே சாய்பிங் ஷிதாங் ஊரின் நீர்மட்டம் பார்ப்பவள். பத்தொன்பது வருடமாகக் காலை எட்டு மணிக்கு அந்தப் படியில் அவளைப் பார்க்கலாம். காய்ச்சலோடும் வந்திருக்கிறாள், தன் கல்யாணத்தன்று சிவப்புச் செருப்போடும் வந்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வண்டியில் காத்திருந்தார்கள். "கொஞ்சம் இருங்க, ஆறு இன்னும் நிக்கலை," என்றாளாம்.

எண்ணைச் சுருக்குவது அவளுக்குப் பிடிக்காது. வயது கேட்டால், "நாப்பத்தொம்பது வருஷம் ஏழு மாசம்" என்பாள். நூடுல்ஸ் கடையில் காரம் கொஞ்சமாகப் போடச் சொன்னால், "கொஞ்சம்னா எத்தனை கரண்டி, சாய்பிங்?" என்று கடைக்காரர் அவள் குரலிலேயே கேட்பார். கடை சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள்; யோசித்து, "முக்கால்" என்பாள்.

ஷிதாங்கில் தெரு என்று இருப்பது ஒன்றுதான். மேல் முனையில் பழைய கோயில் இருக்கிறது. அதற்குள் இப்போது நெல் மூட்டைகள் தூங்குகின்றன. கீழ் முனையில் படித்துறை. நடுவில் இரண்டு, ஐந்து, எட்டில் முடியும் தேதிகளில் சந்தை. மேல் முனைக்காரர்களுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு, ஏனென்றால் ஐம்பத்துநாலாம் வருடத்து வெள்ளம் அவர்கள் வாசற்படியோடு திரும்பிவிட்டது. கீழ் முனைக்காரர்களின் சுவரில் அந்த வெள்ளத்தின் கோடு கூரைக்கு ஒரு முழம் கீழே இன்னும் இருக்கிறது. அவர்கள் அதில் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் இந்த ஊர் ஆற்றின் எதிர்க்கரையில் இருந்ததாம். ஊர் எங்கும் போகவில்லை. ஆறுதான் ஒரு மழைக்காலத்தில் புரண்டு படுத்து, ஊரை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டது.

இதையெல்லாம் மாவட்டத்துக்குப் புத்தகமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, ஊராட்சி எழுத்தர் கோங் லிச்சுன் நேராகப் படித்துறைக்கு வந்தான்.

"புவியியல் பாகத்தை நீ எழுதிக் கொடு, அக்கா."

"நான் ஒம்பதாவதுக்கு மேல படிக்கலை."

"படிச்சவன் எல்லாம் நகரத்துல மாடியில உக்காந்திருக்கான். இங்க மிச்சம் இருக்கிறதுல கிணத்து ஆழம் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான்."

அன்றிலிருந்து அவள் தோளில் ஒரு கித்தான் பை தொங்குகிறது. குளம், கிணறு, பாலம், கல்லறை மேடு என்று நடந்து நடந்து அளந்தாள். ஒரு குக்கிராமத்துக்கும் இன்னொன்றுக்கும் எத்தனை தூரம் என்று மீட்டரில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் நடக்கும்போது எத்தனை பிடி விதை கொறித்தாள் என்றும் குறித்தாள். கோங் அந்தப் பென்சில் வரிகளை அழித்தான். அவள் மறுபடி எழுதினாள்.

கடைசியாக வாத்துத்திட்டுக்கு வந்ததும் அவள் பென்சில் நின்றது.

ஆற்றின் நடுவில் கழுத்தைச் சிறகுக்குள் செருகிய வாத்துபோலக் கிடக்கும் மணல் திட்டு அது. அறுபத்தொரு வீடு, வேர்க்கடலை, தர்பூசணி, உப்பிட்ட வாத்து முட்டை. சாய்பிங் பிறந்த இடம். அந்தத் திட்டு நடக்கும். ஆறு அதன் தலைமாட்டைக் கரைத்து, கரைத்த மணலைக் கால்மாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வருடத்துக்கு நாலு மீட்டர். இருபது வருடத்துக்கு ஒரு தடவை தலைமாட்டு வீடுகளைப் பிரித்துக் கால்மாட்டில் கட்டிக்கொள்வார்கள். கல்லறைகளும் கூடவே போகும். சாய்பிங்கின் அப்பாவை இரண்டு தடவை இடம் மாற்றியாகிவிட்டது. அண்ணன் தாஷான் எலும்புக் கலயத்தைச் சுமந்து முன்னால் போக, வெயில் படாமல் இவள் பின்னாலிருந்து குடை பிடித்துக்கொண்டு போவாள். "அப்பா, வீடு மாறுறோம், பயப்படாதே," என்று அண்ணன் சொல்லிக்கொண்டே நடப்பான்.

மணலில் ஒரு மேடுகூட இல்லாத அந்தத் திட்டில் பிறந்த அவனுக்கு 'பெரிய மலை' என்று அர்த்தம் வரும் பெயர் வைத்தது அப்பாதான். திட்டு நகர்கிறது என்று யாராவது சொன்னால் தாஷானுக்குப் பிடிக்காது. "நாங்க எங்கேயும் போகலை, பாப்பா. உங்க ஊருதான் பெருமை தாங்காம மேல மேல போகுது," என்பான்.

ஷிதாங்குக்கும் ஆற்றின் போக்கில் அடுத்த ஊரான லுவோபுவுக்கும் எல்லை ஆற்றுக்குக் குறுக்கே போகிறது. இந்தக் கரையின் கற்பூர மரத்திலிருந்து அந்தக் கரையின் வெள்ளைப் பாறைக்குக் கண்ணால் இழுத்த கோடு. திட்டின் கால்மாடு எப்போதோ கோட்டைத் தாண்டிவிட்டது. தலை எந்த ஊரில் இருக்கிறதோ உடம்பும் அந்த ஊருக்கு என்பது இரண்டு ஊரும் ஒப்புக்கொண்ட பழைய வழக்கம். தலையும் தாண்டிவிட்டால் திட்டு லுவோபுவின் புத்தகத்துக்குப் போகும். சந்தை நாளில் ஷிதாங் அனுப்பும் இலவசப் படகு நின்றுபோகும். லுவோபுவின் துறையோ கீழே வெகுதூரத்தில். அறுபத்தொரு வீட்டின் வேர்க்கடலையும் முட்டையும் சந்தைக்கு வர, அம்மா வீட்டுக்கு சாய்பிங் போக, இருக்கும் ஒரே வழி அந்தப் படகுதான்.

அளந்துவிட்டால் போகிறது என்றால், எப்போது அளப்பது? குளிர்காலத்தில் தண்ணீர் வற்றும்போது தலைமாட்டில் மணல் நீண்டு மேலே வரும். கோடையில் தண்ணீர் ஏறினால் தலை முழுகிவிடும். கோங் ஜனவரி என்றான். லுவோபுவின் சார்பில் பேச வந்த யான் போக்வேய், பனிக்காலத்திலும் விசிறி வைத்திருக்கும் மனிதர், ஜூலை என்றார்.

"ரெண்டும் கிடையாது," என்றாள் சாய்பிங். "ஆறு சராசரியா நிக்கிற அன்னிக்கு."

பத்தொன்பது வருடத்து நோட்டுகளை எடுத்துக் கூட்டினாள். மொத்தம் ஏழாயிரம் எண்கள் என்று கோங் மாவட்டத்துக்கு எழுதினான். "ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொம்பது," என்று அவள் திருத்தினாள். சராசரி ஏழு நாற்பத்தொன்று.

கோங் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஏழு முப்பதுன்னு வெச்சுக்கயேன். பதினோரு சென்டி. எவன் வந்து ஆத்தை எண்ணப் போறான்? உன் அண்ணன் வீடு அங்கதானே இருக்கு?"

"அதனாலதான் முடியாது," என்றாள்.

அன்று முழுக்க அவள் விதை கொறிக்கவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது காய்ச்சலைவிடப் பெரிய அறிகுறி.

ஏப்ரலில் ஆறு ஏறத் தொடங்கியது. ஏழு பத்து, ஏழு இருபத்துநாலு. அவள் துப்பிய தோல் மூன்று மூச்சில் கம்பத்தைத் தாண்டிய நாளில், "நாளைன்னிக்குக் காலையில," என்றாள். அளவுப் பலகைக்கு ஒத்துப்போகும்படி ஏழு நாற்பத்தொன்றில் கோடு கிழித்த ஒரு மூங்கிலைத் திட்டின் ஓரத்தில் நட்டு வைத்தாள்.

அந்தக் காலையில் திட்டே இல்லை. மூடுபனி அதைத் தின்றிருந்தது. படகோட்டி ஏழாம் மாமா, சாய்பிங், கோங், யான் போக்வேய் மூவரையும் ஏற்றி, துடுப்பால் வெள்ளையைக் கலக்கிக்கொண்டு போனார். வாத்துகளின் சத்தம் மட்டும் முதலில் கரையேறியது. பிறகு அடுப்புப் புகையின் வாசனை. பிறகு தாஷான், இடுப்புக்கு மேலே மட்டும், மிதப்பவனைப்போல. தண்ணீர் மூங்கிலின் கோட்டைத் தொட்ட நொடியில் சாய்பிங் திட்டின் நுனியில் ஒரு குச்சியைக் குத்தினாள். ஆனால் கற்பூர மரமும் தெரியவில்லை, வெள்ளைப் பாறையும் தெரியவில்லை. ஐந்து பேரும் பனிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

"இப்ப இங்க ஒருத்தன் செத்தா எந்த ஊரு அழணும்?" என்று ஏழாம் மாமா கேட்டார்.

"நீ செத்தா ரெண்டு ஊரும் சிரிக்கும்," என்றான் தாஷான்.

யான் போக்வேய் கூடச் சிரித்துவிட்டார். தாஷான் அவருக்கும் ஒரு உப்பு முட்டை உரித்துக் கொடுத்தான். எதிரி ஊர்க்காரர் என்பதற்காக இருப்பதிலேயே சின்ன முட்டையைத் தேர்ந்தெடுத்தான்.

பனி விலகியபோது முதலில் மரத்தின் உச்சி வந்தது, கரையில் ஒட்டாமல். பிறகு பாறை. கோட்டைக் கண்ணால் பிடித்து ஒரு ஆணி அடித்தார்கள். நாடாவை இழுத்தார்கள். தாஷான் திரும்பி நின்றுகொண்டான். சாய்பிங் குனிந்து படித்தாள்; பழக்கம் விடாமல் இன்னொரு முறையும் படித்தாள்.

"பதினோரு மீட்டர் ஆறு சென்டி. ஷிதாங் பக்கம்."

"பதினொண்ணுன்னே போட்டுக்கலாமே," என்றார் யான், விசிறியை மடக்கி.

"ஆறு சென்டி யாரு வீட்டு மணல்?" என்றாள் அவள்.

கோங் துள்ளினான். ஏழாம் மாமா படகின் விளிம்பைத் தட்டித் தாளம் போட்டார். தாஷான் மட்டும் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் வகுக்கத் தெரியும். பதினொன்றை நாலால் வகுத்தால் மூன்று வருடம்கூட இல்லை.

அவள் எழுதிக் கொடுத்த பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி, எந்தத் தேதியில், எந்த மட்டத்தில், எத்தனை மீட்டர். இரண்டாவது வரி: 'ஆண்டுக்கு நாலு மீட்டர் கரைகிறது.'

"ஜெயிச்சுட்டோம்ல, அக்கா? அந்த ரெண்டாவது வரி எதுக்கு?" என்று கோங் கெஞ்சினான். "அதைப் படிச்சுட்டு லுவோபுக்காரன் விரலை விட்டு எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பான்."

"எண்ணட்டும். அதுவும் நெசம்தானே."

பேனாவை அவனிடமே கொடுத்து, "வேணும்னா நீ அடிச்சுக்கோ," என்றாள். பென்சில் வரிகளை எல்லாம் அழித்தவன், அதை அடிக்கவில்லை. புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது.

இப்போதும் ஒவ்வொரு சந்தை நாளிலும் சாய்பிங் திட்டுக்குப் போகிறாள். அளவெடுக்கும் வேலை முடிந்த பிறகும் அந்தக் கித்தான் பை தோளில் தொங்குகிறது. அவள் ஏறியதும் படகு ஒரு பக்கமாகச் சாய்கிறது.

"பையில என்னடியம்மா, உங்க அண்ணனுக்குச் சமையலடுப்பா?" என்பார் ஏழாம் மாமா.

"உப்பு."

"இம்புட்டு உப்புக்கு ஆத்தையே ஊறப்போடலாமே."

அவள் ஒரு பிடி விதையை அவர் கையில் கொட்டுவாள். அதோடு அவர் வாய் வேறு வேலைக்குப் போய்விடும்.

திட்டில் இறங்கியதும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போவதில்லை. வாத்துகளை விலக்கிக்கொண்டு தலைமாட்டுக்கு, மணல் தண்ணீருக்குள் கூர்மையாக இறங்கும் இடத்துக்கு நடக்கிறாள். மூங்கில் இன்னும் அங்கே நிற்கிறது. அதன் அடியில், தண்ணீருக்குள், ஷிதாங் கரையின் கருங்கற்கள் வரிசையில்லாமல் கிடக்கின்றன. நூடுல்ஸுக்குக் காரத்தைக் கரண்டியால் எண்ணுகிறவளிடம், இங்கே எத்தனை கல் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

செருப்பைக் கழற்றுகிறாள். பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மற்றவற்றோடு வைக்கிறாள். அது உருளாமல் இருக்கும்படி குதிகாலால் அழுத்தி, ஒரு அலை வந்து போகும்வரை அப்படியே நிற்கிறாள்.