பொம்மையிடம் பேசாத அக்கா

காரின் பின்கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது பொம்மையின் கால்கள்தான். முழு ஆள் உயரம், வெளிறிய ரப்பர் தோல், எதையும் பார்க்காத கண்கள். திருச்சியிலிருந்து வந்த சார் தோள்பக்கத்தைப் பிடிக்க, நான் கால்களைப் பிடிக்க, புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியின் படிகளில் ஏறினோம். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று எழுந்து வழிவிட்டார்கள். வார்டு வாசலில் துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த வார்டு உதவியாளர் அக்கா மட்டும் எழவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

அன்று எனக்கும் பரீட்சை, அவருக்கும் பரீட்சை. இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, பயிற்சியாளரும் மதிப்பீட்டாளரும் ஆவதற்குத் திருச்சியில் படித்துத் திரும்பியிருந்தேன். வார்டு உதவியாளர்களுக்கு நானே பயிற்சி கொடுக்க வேண்டும், நானே மதிப்பிட வேண்டும். நான் மதிப்பிடுவதைச் சார் பின்னால் உட்கார்ந்து மதிப்பிடுவார். அதில் தேறினால்தான் என் சான்றிதழ். "சொல்லிக் குடுக்கிறப்ப எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. மதிப்பிடுறப்ப புருவம்கூட அசையக் கூடாது" என்பது வகுப்பில் அவர் ஓயாமல் சொன்னது. நானோ புருவத்தாலேயே பாதி வாழ்க்கையைப் பேசி முடித்தவள்.

அக்காவுக்கு இருந்த ஆபத்து என்னுடையதைவிடப் பெரிது. இனிமேல் சான்றிதழ் உள்ளவர்கள்தான் நோயாளியைத் தொடலாம், மற்றவர்களுக்குத் தரை துடைக்கும் வேலை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நோயாளியைத் தொடாத அக்காவை எங்களில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கட்டுமாவடியிலிருந்து பக்கவாதத்தோடு ஒரு படகுக்காரரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வாய் கோணி, பேச்சு நின்று, கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவரைத் துடைத்துவிடும்போதெல்லாம் அக்கா பேசுவார். "இப்ப இந்தக் கையத் தூக்குறேன் அண்ணே. கனமாத்தான் இருக்கு, மீனாத் தின்னு வளத்த கையில்ல? மார்க்கெட்டுல இன்னிக்கு கெழங்கா மீனு நல்லா இல்ல, கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு." ஒருநாள் அந்த மனிதரின் கடைவாய் ஓரம் அசைந்தது. சிரிப்புத்தான். டாக்டரைக் கூப்பிட நான் ஓடிய ஓட்டம் இன்னும் கால்களில் இருக்கிறது.

என் வகுப்பிலும் அவர் அப்படித்தான் இருந்தார். ஒருவர் நோயாளியாகப் படுக்க, இன்னொருவர் வணக்கம் சொல்லி, செய்யப்போவதை விளக்கி, சம்மதம் கேட்டு, வலிக்கிறதா என்று விசாரித்துப் புரட்டிவிட வேண்டும். ஆள்மாற்றி ஆள்மாற்றிப் பழகினோம். அக்கா புரட்டினால் படுத்திருப்பவர் சிரிக்கிற சிரிப்பில் கட்டிலே ஆடும். பொம்மையை வைத்துப் பழகவில்லை. எங்களிடம் பொம்மை இல்லை.

பரீட்சையில் அக்கா கை கழுவினார், திரையை இழுத்தார், தண்ணீரின் சூட்டை முழங்கையில் பார்த்தார். பொம்மையைப் பக்கவாட்டில் புரட்டி, விரிப்பைச் சுருக்கமில்லாமல் மாற்றி, முதுகுக்குத் தலையணை கொடுத்தார். கையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் திறக்கவேயில்லை. என் தாளில் வணக்கம், விளக்கம், சம்மதம், வலி என்று நான்கு கட்டங்கள் காத்துக் கிடந்தன. நடுவில் ஒருமுறை அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான்கிலும் 'காணப்படவில்லை' என்று எழுதினேன்.

எல்லாம் முடிந்தபின் சார்தான் கேட்டார். "ஏம்மா, பேஷன்ட்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே?"

"இது எங்க சார் பேஷன்ட்டு? காலையில நீங்கதான டிக்கியில போட்டுக் கொண்டாந்தீங்க."

அறையே சிரித்தது, சாரும் சிரித்தார். தாள் மட்டும் அப்படியே இருந்தது: இன்னும் தகுதி பெறவில்லை. 'சார், நாங்க பழகினது உயிருள்ள ஆளை வச்சு, இவங்க இந்தப் பொம்மையை இன்னிக்குத்தான் பாக்குறாங்க' என்ற வாக்கியம் முழுசாக என் நாக்கில் இருந்தது. சொன்னால் குறை என் பயிற்சியில் என்றாகிவிடும். என் சான்றிதழ் அவர் பேனாவில் இருந்தது. விழுங்கினேன். அக்கா போனபின் அவர் என்னைப் பாராட்டினார். "கண்ணாலகூட எடுத்துக் குடுக்கலை. இப்படித்தான் இருக்கணும்."

மறுபரீட்சைக்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை அக்கா தரை துடைத்தார். ஈரத்தில் நான் கால் வைக்கும்போது, "பாத்து வாங்க சிஸ்டர், வழுக்கும்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பேசுகிற அக்கா எங்கே என்று கட்டில் கட்டிலாகக் கேட்டார்கள். மறுபரீட்சைக்காகச் சார் விட்டுப்போன பொம்மையை வைத்துப் பழகலாம் வாங்க என்று இரண்டு முறை கூப்பிட்டேன். "எனக்குத் திருப்பத் தெரியும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார்.

விதிப்படி இந்த முறை மதிப்பிட வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மேடம் வந்தார். பயிற்சியாளர் என்பதால் வாசலோரம் நிற்க மட்டும் எனக்கு அனுமதி. அக்கா கட்டிலருகே போனார், பொம்மையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"வணக்கங்க சிஸ்டர். இன்னிக்கு நாந்தான் ஒங்களப் பாத்துக்கப் போறேன். இப்ப அங்கிட்டுத் திருப்புறேன், சரிங்களா? வலிச்சாச் சொல்லணும். நீங்க சொல்ல மாட்டீங்க, வாயத் தொறந்தா ஒங்களுக்கு என்னமும் ஆயிரும். பயப்படாதீங்க, நான் பதனமாத்தான் திருப்புவேன்."

மேடத்தின் பேனா வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனது. பொம்மையின் பெயர் சிஸ்டர் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

கையைத் துடைத்தபடி அக்கா வெளியே வந்தார்.

"அக்கா, அன்னிக்கு நான் சார்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"என்னத்த?"

"பொம்மையை வச்சு நாம பழகலைன்னு."

ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். கோபம் மாதிரி இல்லை. "அந்த சாரு நம்பரு ஒங்ககிட்ட இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்.

இருந்தது. இப்போது நான் மாவட்டம் முழுக்கப் போய் மதிப்பிடுகிறேன். புருவம் அசையாதவள் என்று பெயர். ஆளைக் கொண்டு பழகியவர்களை ஆளை வைத்தே மதிப்பிட வேண்டும் என்று போகிற இடமெல்லாம் வற்புறுத்துகிறேன், சண்டைகூடப் போடுகிறேன். இரண்டு போன் மாற்றிவிட்டேன். எண் கூடவே வருகிறது. பஸ்ஸில், காத்திருப்பில், விரல் அந்தப் பெயர்வரை போய் நிற்கும். இதை எழுதி முடிக்கும் இந்த நேரம்வரை நான் கூப்பிடவில்லை.