கோ.ரா. நாற்காலியும் குப்புறக் கவிழ்ந்த என் கடையும்

புதுச் சாமானைப் பழசு மாதிரி செய்து புது வீடுகளுக்கு விற்பது என் தொழில். பழசுதான் என்று நம்பி வருகிறவரும் சந்தேகப்படுவார், புதுசுதான் என்று நம்பி வருகிறவரும் சந்தேகப்படுவார்.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் போகிற ரோட்டில் கடை. டைல்ஸும் சுவரளவு டிவியுமாக வீடு கட்டுகிறவர்கள், கூடத்தில் ஒரு கடைந்த கால் மேசையும் பிரம்பு பின்னிய நாற்காலியும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று செல்போனில் பார்த்துவிட்டு வருவார்கள். எல்லாம் என் பட்டறையில், புது மரத்தில் செய்தவை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சின்ன ஊரில் ஒரு கடைக்கு 'எழவு வூட்டு சாமான் விக்கிற கடை' என்றோ 'திருட்டுச் சாமான் விக்கிற கடை' என்றோ ஒருமுறை பெயர் விழுந்தால், அப்புறம் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். கடை வைத்துக் கஷ்டப்படுகிறவர்களுக்கு அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று வருடமாக அந்தப் பயத்தோடுதான் காலையில் பூட்டைத் திறக்கிறேன்.

சங்கிலி அடி

என்னிடம் வேலை பார்க்கும் தச்சர் தங்கராசு அண்ணனுக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். இழைத்தால் மரம் கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் மேசையை அப்படித்தான் முடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஒரு சைக்கிள் சங்கிலியை அவர் கையில் கொடுத்து, "இதால நாலு அடி அடிங்கண்ணே, அங்கங்க பள்ளம் விழணும். அப்புறம் டீத்தூள் டிக்காஷன் பூசணும்" என்றேன்.

சங்கிலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, வாசலில் நின்ற ஆட்டோக்காரரையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். நான் செல்போனில் படம் காட்டி, பெரிய ஊர்களில் இதற்குத்தான் மவுசு என்று சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. கடைசியில் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடித்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா செல்வி, பொண்ணு பாக்க வர்றாங்கன்னா பொண்ணுக்கு நரை பூசியா உக்கார வெப்பாங்க?"

நகத்தால் ஒரு தட்டு

இழுப்பறைகளுக்கு வெள்ளைப் பீங்கான் குமிழ் வைப்பது என் யோசனை. பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் பிடி வைப்பதா? குமிழின் பளபளப்பில் மயிரிழை விரிசல் ஓடினால் பழைய களை வரும் என்று, அப்படியே வேண்டும் என்று ஒரு சூளைக்காரரிடம் சொல்லி வாங்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. மற்ற ஊரில் அந்த விரிசலை அழகு என்பார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சூளையில் வேலை பார்த்தவர்.

புது வீட்டுக்கு நிலைக்கண்ணாடி மேசை பார்க்க ஓர் அம்மா வந்தார். மேசையைப் பார்க்கவே இல்லை. நேராகக் குமிழை நகத்தால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஆறு குமிழையும் தட்டினார். வேண்டுமென்றே அப்படிச் செய்தது என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. "பதினெட்டு வருசம் சூளையில சரக்கு பிரிச்சவ நானு. இத நாங்க கழிவுன்னு பின்னால கொட்டுவோம். அங்கேருந்துதான பொறுக்கிட்டு வந்தீங்க?"

படுத்து எழுந்தவர்

சேத்தியாத்தோப்பில் ஒரு புதுமணத் தம்பதிக்குத் தலைமாட்டில் பூவேலை செய்த கட்டில். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் தங்கராசு அண்ணனும் போனோம். பையனின் அம்மா வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். கட்டிலைச் சுற்றி வந்தார், மோந்து பார்த்தார். "இதுல யாரு போய்ச் சேர்ந்தாங்க?" என்றார்.

யாருமில்லை, போன மாதம் செய்தது என்றேன். எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதர் மேல் சத்தியம் என்றேன். சத்தியம் செய்கிறவர்களை நம்புவதில்லை என்றார். மரம் வாங்கிய ரசீதைக் காட்டினேன். மரம் புதுசு என்றுதானே இருக்கிறது, கட்டில் புதுசு என்று எங்கே இருக்கிறது என்றார். தெருவே கூடிவிட்டது. இந்தக் கட்டில் திரும்பிப் போனால் என் பெயரும் அதோடு போகும்.

அந்த அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். செய்தவர் முதலில் படுக்கட்டும் என்றார். தங்கராசு அண்ணன் தெருவில், வண்டி மேலேயே, கட்டிலில் நீட்டிப் படுத்தார். காலையிலிருந்து இழுத்துக் கட்டிய களைப்பு, மனிதர் கண்ணயர்ந்துவிட்டார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நான் பதறிப்போய்க் காலைப் பிடித்து உலுக்க, திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "எழுந்துட்டாரு இல்ல? அப்ப எறக்குங்க."

ஒரு கட்டை குறைகிறது

ஜங்ஷன் ஊர் என்பதால் பழைய ரயில்வே பெஞ்சு மாதிரி ஒன்று செய்யச் சொன்னேன். தங்கராசு அண்ணனுக்கு அதற்குள் இந்த வேலையில் ருசி வந்துவிட்டது. நான் கேட்காமலேயே பெஞ்சின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ரயில்வே எழுத்துகளைப் போட்டுவிட்டார். பார்க்க அச்சு அசல்.

இரண்டாம் நாளே ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் உள்ளே வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், குனிந்து அடியில் பார்த்தார். எந்த பிளாட்பாரத்திலிருந்து எடுத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். இங்கே செய்ததுதான் என்றேன். வெளியே போய், தன்னோடு வேலை பார்த்த இரண்டு பேரைக் கூட்டிவந்தார். மூவரும் ஜாண் போட்டு அளந்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முதுகில் குறுக்கே ஐந்து கட்டை இருக்க வேண்டுமாம். எங்கள் பெஞ்சில் நாலு. அப்பாடா, புதுசு என்று ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நான் மூச்சு விட்டேன். அவர் கேட்டார்: "அஞ்சாவது கட்டைய யாருக்கு வித்தீங்க?"

கோ.ரா.

அன்றைக்கே தங்கராசு அண்ணனிடம், இனி எந்தச் சாமானிலும் ஓர் எழுத்துகூடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு பிரம்பு நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் உளியால் 'கோ.ரா.' என்று வெட்டிவைத்திருந்தார். அந்தக் காலத்து வீட்டில் தம்ளர் முதல் நாற்காலி வரை பெயர் வெட்டுவார்களே, அதற்காகவாம். யார் அந்த கோ.ரா. என்று கேட்டதற்கு, சும்மா தோன்றியது என்றார்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மகளின் புது வீட்டுக்குச் சாமான் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். நாற்காலியைத் திருப்பியவர், அந்த எழுத்தின் மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். "இது எங்கப்பா நாற்காலி. கோவிந்தசாமி மவன் ராமசாமி. எங்கப்பா செத்த அன்னிக்கு வூட்டுலேருந்து காணாமப் போன நாற்காலி" என்றார். பதினோரு வருடமாக, அதை எடுத்தது அண்ணன்தான் என்று இவரும், தம்பிதான் என்று அண்ணனும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்களாம். கடையில் வேறு இரண்டு குடும்பம் நின்றது. எழவு வீடு, திருட்டு இரண்டும் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டன.

தங்கராசு அண்ணன் நாற்காலியைக் கவிழ்த்து அடியில் இழைப்புளியால் ஒரு தள்ளு தள்ளினார். பச்சை மர வாசனையோடு புது நிறம் வந்தது. உள்ளே இப்போதைய ஸ்க்ரூ. செய்யும்போது செல்போனில் எடுத்த வீடியோவையும் நான் காட்டினேன். பெரியவர் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். "புதுசாவே இருக்கட்டும். இதையே கட்டிக் குடுங்க. அண்ணன் வூட்டு வாசல் வழியா எடுத்துட்டுப் போறேன். களவாணி மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

அண்ணன்

எண்ணி ஆறாம் நாள் அதே மூக்கு, அதே நடையோடு இன்னொரு பெரியவர். "தம்பி வண்டியில ஒரு நாற்காலி போச்சு. எங்கப்பாவோடது. இத்தினி வருசமா ஒளிச்சு வெச்சிருந்துட்டு, இங்க வாங்கினதா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறான். நீங்க அவனுக்கு ஒடந்தையா?" என்றார்.

அதே வீடியோவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பதினோரு வருடத்துக்குப் பிறகு தம்பியைக் கூப்பிட்டார். "டேய், நான் எடுக்கலடா" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "நீயும் எடுக்கல. தெரியுதுடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாள் பட்டதற்குக் கடைக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது என்று அவருக்கு டீ சொல்லப் போனேன்.

திரும்பி வந்தால், பெரியவர் கடையிலிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். டீயை வாங்கிக்கொண்டு மரியாதையாகவே கேட்டார்: "நானும் எடுக்கல, அவனும் எடுக்கல. எங்கப்பா நாற்காலிய கண்ணால பாக்காம ஒங்க ஆளு அந்த எழுத்த எப்படிம்மா வெட்டினாரு?"

பிரிந்த அண்ணன் தம்பி இப்போது ஒரே பஸ்ஸில் வந்து என் கடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், நானும் என் பங்குக்குப் போன ஞாயிற்றுக்கிழமை தங்கராசு அண்ணன் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனவள், அவர் உள்ளே போன நேரம் பார்த்து அங்கிருந்த நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.