மதினிக்கு வைத்த சோறு

நேற்று என் மகள் பால்கனிச் சுவரில் அணிலுக்கு ஒரு பிஸ்கெட் வைத்தாள். நான் போட்ட சத்தத்தில் அணில் ஓடியது, பிள்ளை அழுதது, மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "ஒரு பிஸ்கெட்டுக்கா இந்தக் கத்து கத்துறீங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில், மாநில எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரு லைன் வீட்டில் நானும் செல்வராஜும் குடியிருந்தோம். அவன் தென்காசிப் பக்கம். எவ்வளவு துவைத்தாலும் கம்பெனிச் சட்டையில் ஆயில் வாடை போகாது. அதோடு கேன்டீன் புளிசாத வாடையும் எங்கள் அறையில் சேர்ந்துகொள்ளும். மிஞ்சிய சோற்றை டிபன் பாக்ஸில் அமுக்கிக்கொண்டு வருவான் செல்வராஜ். எனக்குத்தான் என்று முதலில் நம்பினேன். அது பின்பக்கச் சுவருக்கு வரும் குரங்குகளுக்கு!

அதில் ஒன்று, வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு வரும் பெண்குரங்கு. சோற்றை வாங்கிக்கொண்டே அவனை முறைக்கும். ஊரில் அண்ணன் பெண்டாட்டி முறைப்பது மாதிரியே இருக்கிறது என்று அதற்கு மதினி என்று பெயர் வைத்தான். கல்யாணம் தள்ளிக்கொண்டே போன பயல். ஷிஃப்ட் விட்டு வந்தால் அவனுக்காகக் காத்திருந்த ஜீவன் அது ஒன்றுதான். கேலி பேசிய எனக்கு அதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு மஞ்சுளாவுக்கு இது பிடிக்கவில்லை. அவளுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களைத் திட்ட மட்டும் தமிழ். குரங்குகளுக்குத் தொட்டியில் தண்ணீர் வைப்பாள். கொய்யாவில் உச்சிக்கிளைப் பழங்களைப் பறிக்காமல் விடுவாள். அதற்கு மேல் ஒன்றும் கொடுக்க மாட்டாள்.

"அதுங்களே தேடித் தின்னட்டும். கையால சோறு குடுத்துப் பழக்கினா, நாளைக்கு நீங்க இல்லாட்டி யாருகிட்ட போவும்?"

"பசிச்சி வந்ததுக்குச் சோறு போட்டா பாவமாக்கா?" என்பான் செல்வராஜ்.

குரங்குகள் பழகியது அவனிடம் அல்ல, கம்பெனி பஸ்ஸின் ஹாரனிடம். தெருமுனையில் ஹாரன் அடித்ததும் சுவரில் வரிசையாக உட்கார்ந்துவிடும். பந்திக்கு ஆள் வந்தாச்சு என்று சிரிப்போம்.

அப்புறம் பஸ் தெருவுக்குள் வருவதை நிறுத்தினார்கள். ஹைவேயின் எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். டிரைவர் பழக்க தோஷத்தில் அங்கேயும் ஹாரன் அடித்தார். செல்வராஜ் படியில் நின்றபடி பார்த்தான்: நடுத்திட்டைத் தாண்டி மதினி ஓடிவருகிறது.

"வராத! போ மதினி, போ!"

வா என்பதை மட்டுமே அவனிடம் கேட்டிருந்த குரங்கு அது. அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வந்த லாரி நிற்கவே இல்லை. குட்டியும் தப்பவில்லை.

செத்தது குரங்கு என்றால் சும்மா விடுவார்களா? தெருவே கூடி, காவித்துணி சுற்றி, மாலை போட்டு, ரோட்டோரத்திலேயே புதைத்தார்கள். மஞ்சுளா பால் ஊற்றினாள். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் ஆஞ்சநேயர் வந்துவிட்டார். சனிக்கிழமை வாழைப்பழப் படையல். போகிற வருகிற லாரிக்காரர்கள் வீசுகிற பழம் வேறு. மிச்சமிருந்த குரங்குகள் அங்கேயே பழகிக்கொண்டன. ஒவ்வொன்றாக அடிபட்டன.

லீவு நாளில் செல்வராஜ் கம்போடு ரோட்டோரம் நின்று அவற்றை விரட்டினான். கும்பிட வந்தவர்கள் அவன் சட்டையைப் பிடித்தார்கள். "சாமி வாசல்லியே கொரங்க அடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?" அந்த மாதமே அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனான்.

அந்தக் கோயிலுக்கு இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், மைக்செட் இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் சீப்புச் சீப்பாகப் பழம் வருகிறது. ஞாயிறு காலையில் குப்பை வண்டிக்காரர் அதை வாரிக்கொண்டு போகிறார். அந்தப் பக்கம் இப்போது ஒரு குரங்குகூடக் கிடையாது, உள்ளே கல்லில் நிற்பதைத் தவிர.